ஸ்பேசர் மாட்டிய காரில் உதறல், உரசல், 'டொக்' சத்தம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (வீலை மாட்டும் சுழலும் பாகம்) அலாய் வீலுக்கும் நடுவே செருகும் வட்டத் தட்டு. அதை மாட்டிய மறுநாளே ஸ்டீயரிங் உதறுகிறது, மட்கார்டில் டயர் உரசுகிறது, ரிவர்ஸ் எடுத்தால் 'டொக்' என்கிறது என்று கார் பட்டறைக்குத் திரும்பி வருவதுண்டு. ஒருவர் தடிமனைக் குறை சொல்வார். இன்னொருவர் பாலன்சிங் போடச் சொல்வார். மூன்றாமவர் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றிவிடுவார். முதலில் பார்க்க வேண்டியது இவை எதுவும் இல்லை. தட்டு ஹப்பின்மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, வீல் தட்டின்மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, போல்ட் போதுமான மரை பிடித்திருக்கிறதா? கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த மூன்றில்தான் முடியும்.

வீலைக் கழற்றும் முன் காரின் ஐந்து எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பிசிடி (போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்), நடு ஓட்டை, போல்ட் அல்லது ஸ்டட் (ஹப்பில் பதித்த மரைக்கம்பி) மரை (விட்டம் × மரை இடைவெளி), போல்ட்டோ நட்டோ வீலில் உட்காரும் முகத்தின் வடிவம், இறுக்க வேண்டிய டார்க் (முறுக்கு விசை). நம் ஊர்ச் சாலைகளில் தென்படும் சில கார்களுக்கு அவை இப்படி:

போர்ஷே 911 (997), கேமன் (987): 5×130, 71.6 மி.மீ., எம்14×1.5 போல்ட், உருண்டை முகம், 130 நியூட்டன் மீட்டர். அடுத்த தலைமுறை 991, 981, 718 என்றால் 160.
ஃபோர்டு மஸ்டாங் ஜிடி: 5×114.3, 70.5 மி.மீ., எம்14×1.5 ஸ்டட்டும் நட்டும், கூம்பு முகம், 204.
ஆடி டிடி இரண்டாம் தலைமுறை: 5×112, 57.1 மி.மீ., எம்14×1.5 போல்ட், உருண்டை முகம், 120.
போலோ ஜிடி: 5×100. மற்றதெல்லாம் டிடி போலவே.
பிஎம்டபிள்யூ எஃப்30: 5×120, 72.6 மி.மீ., எம்14×1.25 போல்ட், கூம்பு முகம், 140.

எம்14×1.25 என்பதை எம்14×1.5 என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. கையால் இரண்டு சுற்று போகும், மூன்றாவது சுற்றில் முறுக்கும், அங்கே ஸ்பேனர் வைத்தால் ஹப்பின் மரை போச்சு. கையேட்டில் வேறு டார்க் எண் இருந்தால் கையேடு சொல்வதுதான் சரி.

80-லிருந்து 110 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது

வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒன்றும் தெரியாது. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி, பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி வேகம் பிடித்ததும் கையில் ஆரம்பிக்கும். 120-ல் சற்று அடங்கினாற்போலவும் இருக்கும். ஸ்டீயரிங்கில் உதறினால் முன்வீல், சீட்டில் உதறினால் பின்வீல். நான்கையும் கழற்றுவதற்கு முன் இந்த ஒரு வேறுபாடு பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. ஸ்பேசரை எடுத்துவிட்டு, பழைய போல்ட்டைப் போட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். உதறல் போய்விட்டால் பாலன்சிங் காசு மிச்சம். போகவில்லை என்றால் வீலையோ டயரையோ பாருங்கள். ஸ்பேசர்மேல் பழி போட வேண்டாம்.

குற்றம் ஸ்பேசரில்தான் என்று தெரிந்தால் நடு ஓட்டையை அளங்கள். ஹப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வளையம்தான் வீலை மையத்தில் நிறுத்துகிறது. பட்டறையில் அதை ஹப் லிப் என்பார்கள். ஸ்பேசரின் ஓட்டை அதில் கையால் அழுத்தி ஏற்றும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். தடிமனான ஸ்பேசரின் வெளிப்பக்கமும் அதே அளவில் லிப் வேண்டும். ஆக்சஸரீஸ் கடையில் 'எல்லாக் காருக்கும் சேரும்' என்று தரும் தட்டில் 73.1 மி.மீ. ஓட்டை இருக்கும். அதை 57.1 ஹப்பில் மாட்டினால் சுற்றிலும் 8 மி.மீ. காலியிடம். வீலை மையத்தில் பிடிக்க போல்ட் மட்டுமே மிச்சம், அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் பிடிக்கும். நீள்துளை போட்ட தட்டுகள் இன்னும் மோசம். இவற்றைச் சரிசெய்ய முயல வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

ஓட்டை சரி, ஆனாலும் உதறுகிறது. அப்போது பார்க்க வேண்டியது ஓட்டையின் உள்விளிம்பு. ஹப் லிப்பின் அடியில் செங்கோணம் இருக்காது, சின்ன வளைவு இருக்கும். ஸ்பேசரின் உள்விளிம்பில் அதற்கேற்பச் சாய்வாகக் கடைந்திருக்க வேண்டும். கடையவில்லை என்றால் தட்டு வளைவின்மேல் ஏறி நிற்கும். கண்ணுக்கு ஒட்டியதுபோல் தெரியும், போல்ட் இறுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் உள்ளே இழுபடும். ஏ4 தாளில் ஒரு கீற்று கிழித்து, தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. எங்காவது நுழைந்தால் தட்டு உட்காரவில்லை.

இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமா? ஹப் முகத்தில் மார்க்கிங் ப்ளூவை (எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் நீலப் பசை) மெல்லிய பூச்சாகத் தடவி, ஸ்பேசரையும் வீலையும் மாட்டி டார்க் போட்டுக் கழற்றுங்கள். ப்ளூ கையில் இல்லையென்றால் குங்குமத்தை இரண்டு சொட்டு எண்ணெயில் குழைத்தாலும் வேலை நடக்கும். தட்டின் முதுகில் முழு வட்டமாக நிறம் ஒட்டியிருந்தால் நல்லது. பிறைநிலா மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் எதிர்ப்பக்கம் தூக்கி நிற்கிறது. பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு புள்ளி அடர்த்தியாகத் தெரியும். ஸ்க்ரூவைச் சரியாக இறக்குங்கள், அல்லது அந்த இடத்தில் குழி போட்ட ஸ்பேசராக வாங்குங்கள். பார்த்து முடித்ததும் எண்ணெய் பிசுக்கை பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

கடைசியாகத் தடிமன். மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளங்கள். நான்கும் 0.05 மி.மீ.-க்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும்? தட்டின் குறுக்களவு 150 மி.மீ., டயரின் குறுக்களவு சுமார் 680. தட்டில் 0.2 மி.மீ. சாய்வு இருந்தால் டயர் விளிம்பில் அது 0.9 மி.மீ. ஆட்டமாக விரியும். ராணிப்பேட்டை, வேலூர் லேத் பட்டறைகளில் நல்ல கைகள் உண்டு. ஆனால் பழைய அலுமினிய வார்ப்பை வாங்கி ஒரே பக்கம் சக்கில் பிடித்துக் கடைந்தால், திருப்பிப் பிடிக்கும்போது இரண்டு முகமும் இணையாக வராமல் போக வாய்ப்பு அதிகம். வார்ப்பு அலுமினியத்தை இந்த வேலைக்கே எடுக்கக் கூடாது, விரிசல் விடும். 6061-டி6 அல்லது 7075-டி6 அலுமினியக் கலவைக் கட்டிதான் வேண்டும். அளவை மி.மீ.-ல் எழுதிக் கொடுங்கள். 'நாலு நூல்' என்று வாயால் சொன்னால் 12.7 மி.மீ. வரும், நீங்கள் 12-க்கு வாங்கிய போல்ட்டின் கணக்கு அங்கே பிசகும்.

8 மி.மீ. தடிமனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல கார்களில் ஹப் லிப் 10-12 மி.மீ. நீளம்தான். 5 மி.மீ. தட்டு போட்டால் வீலுக்கு 5-7 மி.மீ. லிப் மிஞ்சும், அது போதும். 8 போட்டால் 2-4 மி.மீ.தான் மிஞ்சும். அதிலும் லிப்பின் நுனி சாய்வாகக் கடைந்த பகுதி, வீலைப் பிடிக்காது. தட்டுக்கே சொந்த லிப் வைக்க 8 மி.மீ. போதாது. இரண்டும் கெட்டான் அளவு. ஒன்று 5, இல்லையென்றால் லிப் வைத்த 12 அல்லது 15 என்று எடுப்பதே நல்லது. போர்ஷே நிறுவனம் தானே விற்ற ஸ்பேசர்களும் 5, 17 என்றுதான் இருந்தன. 5 மி.மீ. தட்டுகள் இரண்டை அடுக்கி 10 ஆக்குவது கூடவே கூடாது. உட்கார வேண்டிய முகம் ஒன்று கூடிவிடும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறுகிறது

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஏர் கன் (காற்றழுத்தத்தால் போல்ட்டை இறுக்கும் கருவி). ஐந்து போல்ட்டும் ஐந்து விதமாக இறுகியிருந்தால் டிஸ்க்கின் தொப்பிப் பகுதி சமமாக அழுத்தப்படாது. டிஸ்க் லேசாகச் சாய்ந்து சுற்றும், பேட் ஒரே இடத்தில் உரசும், சில நூறு கி.மீ.-ல் டிஸ்க்கின் தடிமன் மாறிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் சூடேறினால் தெளிவாகத் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் மூன்று தவணையாக இறுக்கினால் போய்விடும். தள்ளிப்போட்டால் டிஸ்க்கைக் கடைய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே துருச் செதில் மாட்டிக்கொண்டாலும் இதே அறிகுறி வரும். ஸ்பேசர் மாட்டும்போது டிஸ்க்கை அசைத்திருப்பார்கள், செதில் உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கும். டிஸ்க்கை எடுத்து, கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு இரண்டு முகத்தையும் தேய்த்து, துணியால் துடைத்து மாட்டுங்கள்.

'டிக் டிக்' அல்லது 'டொக்' என்ற சத்தம்

மெதுவாகப் போகும்போது வீல் சுற்றுக்கு ஒன்றாக 'டிக்', அல்லது முன்னே போய் ரிவர்ஸ் போட்டதும் ஒரு 'டொக்'. இதைக் கேட்டபின் காரை ஓட்டக் கூடாது. இதோடு நாலு கி.மீ. கூட வேண்டாம். நின்ற இடத்திலேயே நட்டைத் தொட்டுப் பாருங்கள்.

வெளிநட்டுகள் இறுக்கமாகவே இருக்கலாம், அதை நம்பி ஏமாற வேண்டாம். 20, 25 மி.மீ. ஸ்பேசர்கள் இரண்டடுக்காக மாட்டுபவை: முதலில் தட்டை ஹப்போடு உள்நட்டுகளால் இறுக்க வேண்டும், பிறகு தட்டில் பதித்த ஸ்டட்களில் வீலை மாட்ட வேண்டும். தளர்வது உள்நட்டு. வீலைக் கழற்றாமல் அது தெரியாது. முதல் 100 கி.மீ. ஓடியதும் வீலைக் கழற்றி உள்நட்டுகளுக்கு மறுபடி டார்க் போடச் சொல்வது இதனால்தான். எல்லோரும் வெளிநட்டை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இரண்டடுக்குத் தட்டில் இன்னொரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. காரின் சொந்த ஸ்டட் 26 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க, தட்டின் தடிமன் 20 என்றால், 6 மி.மீ. ஸ்டட் தட்டைத் தாண்டி வெளியே வரும். வீலின் முதுகில் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே குழிகள் இருந்தால் அது அங்கே ஒளிந்துகொள்ளும். குழி இல்லாத வீலில் ஸ்டட்டின் நுனி வீலை முட்டி நிற்கும். நட்டு முறுகும், டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும், வீல் மட்டும் உட்கார்ந்திருக்காது. வாங்குவதற்கு முன் வெர்னியரின் வாலால் அந்தக் குழியின் ஆழத்தை அளந்துவிடுங்கள். நீட்டும் அளவைவிடக் குழி 1 மி.மீ.-யாவது ஆழமாக இருக்க வேண்டும்.

ஒரே அடுக்குத் தட்டில் 'டிக்' வந்தால் மரையை எண்ணுங்கள். வீலை மாட்டி, போல்ட் முதல் மரை பிடித்ததிலிருந்து முகம் உட்காரும் வரை கையால் திருப்பி எத்தனை முழுச் சுற்று என்று எண்ண வேண்டும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளம் மரை பிடிக்க வேண்டும் என்பது நல்ல கணக்கு. எம்14×1.5 என்றால் 9 சுற்று, எம்14×1.25 என்றால் 11, எம்12×1.5 என்றால் 8. ஸ்பேசர் போட்டுவிட்டுப் பழைய போல்ட்டையே மாட்டியவர்களுக்கு 4 அல்லது 5 சுற்றுதான் வரும். 5 மி.மீ. தானே என்பார்கள். அந்த 5 மி.மீ. எம்14×1.5 மரையில் மூன்று சுற்றுக்கும் மேல்.

புதுப் போல்ட்டின் நீளம் பழைய நீளமும் ஸ்பேசர் தடிமனும் சேர்ந்தது. பழையது 27, ஸ்பேசர் 15 என்றால் 42 மி.மீ. போல்ட்டின் முழு நீளத்தை அளக்காதீர்கள். உட்காரும் முகம் முடியும் இடத்திலிருந்து நுனிவரை மட்டும்தான் கணக்கு. திருட்டைத் தடுக்கும் லாக் போல்ட் வீலுக்கு ஒன்று இருக்குமே, அதை மறந்துவிடுவது மிகச் சாதாரணம். நாலு போல்ட் 42, ஐந்தாவது மட்டும் பழைய 27. அது இரண்டு மூன்று சுற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். சத்தம் அங்கிருந்துதான் வரும்.

முகத்தின் வடிவத்தையும் பாருங்கள். ஆடி, போலோ கம்பெனி வீலுக்கு ஆர்13 (13 மி.மீ. ஆரம்) உருண்டை, போர்ஷேவுக்கு ஆர்14 உருண்டை, வெளியில் வாங்கும் அலாய்க்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டைக் குழியில் கூம்புப் போல்ட்டை இறுக்கினால் முழு முகமும் தொடாது, ஒரு கோடு மட்டும் தொடும். போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்: சரியானது அகலமான பட்டையாக மின்னும், தவறானது நூல் பிடித்தாற்போல ஒரு மெல்லிய வளையம் மட்டும் மின்னும். அந்த மெல்லிய வளையம் நசுங்க நசுங்க இறுக்கம் குறைந்துகொண்டே வரும்.

தளர்ந்து ஓடிய வீலை வெறுமனே இறுக்கி அனுப்பிவிடக் கூடாது. வீலின் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் அந்த வீல் கழிந்தது. ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அந்த ஹப்பின் ஐந்தையும் மாற்றுங்கள். மற்ற நான்கும் அதே பாரத்தை இழுத்தவைதான். கையேடே சொன்னாலொழிய மரையில் கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது. பெரும்பாலான கார்களில் டார்க் எண் உலர்ந்த மரைக்குச் சொன்னது. கிரீஸ் போட்டால் அதே எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

வீல் மாட்டியதும் சுற்றவில்லை, அல்லது ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

வீல் போடாமல் கையால் சுற்றும் ஹப், போல்ட் போட்டதும் முட்டுகிறதென்றால் போல்ட் நீளம் அதிகம். ஹப்பைத் தாண்டிப் பின்னே போய் ஹேண்ட் பிரேக் பாகத்தையோ நக்கிளையோ (ஹப்பைத் தாங்கும் பாகம்) ஏபிஎஸ் சென்சாரையோ தொடுகிறது. ஸ்பேசரை எடுத்துவிட்டு நீளப் போல்ட்டை மட்டும் மாட்டுபவர்களுக்கும் இதுவே கதி. மாட்டியவுடன் வீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் டார்க் போட வேண்டும்.

போல்ட் சரி, வீல்தான் முட்டுகிறதென்றால் காலிப்பரை (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பாருங்கள். ஸ்போக்கின் உள்முகத்துக்கும் காலிப்பருக்கும் 3 மி.மீ.-யாவது இடம் வேண்டும். பெரிய பிரேக் போட்டவர்களுக்கு 5 மி.மீ. ஸ்பேசர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது.

டயர் உரசுகிறது

முதலில் எங்கே உரசுகிறது என்பது. டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் அகலமாக ஒரு கோடு சுற்றிலும் போட்டு, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு சத்துவாச்சாரி உள்தெருக்களின் ஸ்பீட் பிரேக்கர் நாலைந்தில் ஏறி இறங்குங்கள். பிறகு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து இரண்டு பக்கமும் ஒரு வட்டம். சாக்பீஸ் எங்கே அழிந்ததோ அதற்கு நேர் எதிரில் இருப்பதுதான் உரசும் இடம்.

டயரின் உள்பக்கம், ஷாக் அப்சார்பர் அருகே உரசினால் குற்றவாளி ஸ்பேசர் இல்லை. சொல்லப்போனால் அதற்கு மருந்தே ஸ்பேசர்தான், அது டயரை வெளியே தள்ளும். வெளித்தோள் மட்கார்டு மடிப்பில் உரசினால் தடிமன் அதிகம். ஸ்டீயரிங் முழுவதும் ஒடித்தால் மட்டும் முன் பம்பரின் பின்புற லைனரில் உரசினால், அது திரும்பும்போது டயர் வரையும் வட்டத்தை ஸ்பேசர் பெரிதாக்கியதால் வருவது. லைனரின் கிளிப்பைச் சரிசெய்தாலே சில கார்களில் தீரும். ஏலகிரி போன்ற மலைப்பாதைக்கு அடிக்கடி போகிறவர்கள் இதை அலட்சியமாக விடக் கூடாது. கொண்டை ஊசியில் ஒடிப்பும் எடையும் ஒரே சமயத்தில் முன்வீல்மேல் விழும்.

தடிமனைத் தேர்ந்தெடுக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். மட்டமான தரை, முழு டேங்க், டிரைவர் சீட்டில் ஒருவர். மட்கார்டு மடிப்பின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைத்த பகுதிக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். மேல் பாதியில் அளப்பதுதான் முக்கியம், முட்டப்போவது அங்கேதான். பின்வீலில் 20 மி.மீ. இருந்தால் 15-ஐ மேல்வரம்பாக வைக்கலாம். முன்வீலுக்கு அதிலும் 3-4 மி.மீ. குறையுங்கள், அது திரும்பவும் வேண்டும், அமுங்கவும் வேண்டும். இரண்டு பக்கமும் அளங்கள். முன்பு எங்காவது இடித்துத் தட்டி எடுத்த காரென்றால் இடதும் வலதும் 4-5 மி.மீ. வேறுபடும். குறைந்த பக்கத்தின் கணக்கையே எடுங்கள்.

வீலில் பொறித்திருக்கும் ஈடி எண்ணிலிருந்து (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் என்பது) ஸ்பேசர் தடிமனைக் கழித்தால் புது ஈடி. ஈடி45 வீலில் 15 போட்டால் ஈடி30. அந்த எண்ணிலேயே வீல் கிடைக்குமென்றால், எப்படியும் அலாய் மாற்றப் போகிறவருக்கு ஸ்பேசர் வேண்டியதே இல்லை. டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்தும் அளவுக்குப் போகாதீர்கள். கதவில் கல் அடிப்பது, மழையில் சேறு வாரி இறைப்பது ஒருபுறம். மறுபுறம், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது, இன்சூரன்ஸ்காரரும் விபத்துக்குப் பின் அதைத்தான் முதலில் பார்ப்பார். பாலிசி தந்தவரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கார் கோடு பிடித்து ஓடுகிறது, ஸ்டீயரிங் கனக்கிறது

லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த இடது லேனில் ஸ்டீயரிங் தானாக இப்படியும் அப்படியும் இழுக்கும். ஸ்பேசரின் இயல்பான விளைவு இது, பழுது இல்லை. வீல் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் மாறிவிட்டது, சாலையின் ஒவ்வொரு உதையும் மாறிய அந்த நெம்புகோலில் ஸ்டீயரிங்குக்கு வருகிறது. அலைன்மென்ட் போட்டால் போகாது. ஸ்பேசர் டோவையோ (வீல் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரையோ (வீல் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்றுவதில்லை. முன்பக்கத் தட்டை 15-லிருந்து 5-க்குக் குறைப்பதுதான் வழி. தோற்றத்துக்காக என்றால் பின்வீலில் மட்டும் போட்டாலே போதும், 911 போன்ற கார்களில் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதும் பின்பக்கம்தான்.

ஒரே பக்கமாக இழுத்தால் அது வேறு விஷயம். இடதும் வலதும் ஒரே தடிமன்தானா என்று பாருங்கள். ஒரு பக்கம் 12, மறுபக்கம் 15 மாட்டிய கார்கள் உண்டு.

வேகம் கூடக் கூட முனகல்

வீல் பேரிங். நேரே ஓட்டும்போது வரும் 'ஊ' சத்தம், இடதுபக்கம் திரும்பும்போது கூடினால் வலது பேரிங். வலதுபக்கம் திரும்பும்போது கூடினால் இடது. ஒரு வீலில் 400 கிலோ நிற்கிறதென்றால் 15 மி.மீ. தட்டு அந்த பேரிங்கில் சுமார் 59 நியூட்டன் மீட்டர் வளைவு விசையைக் கூட்டும். புது பேரிங் தாங்கும். 80,000 கி.மீ. ஓடிய பேரிங்கின் கடைசிக் காலம் சீக்கிரம் வரும். பேரிங்கை மாற்றிவிட்டு அதே 25 மி.மீ. தட்டைத் திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை.

ஸ்பேசர் கழல மறுக்கிறது, நடுவழியில் பஞ்சர்

அலுமினியத் தட்டும் இரும்பு ஹப்பும் ஒரு மழைக்காலம் சேர்ந்திருந்தால் வெள்ளைப் பொடி பூத்து ஒட்டிக்கொள்ளும். துரு இளக்கி எண்ணெயை ஹப் லிப்பைச் சுற்றி மட்டும் தெளித்து (டிஸ்க்கில் படாமல் துணி போர்த்தி) அரைமணி விட்டு, மரச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் தட்டு வளையும், பேரிங்குக்கும் அடி. ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பவே கூடாது, அந்தக் கீறலில்தான் அடுத்த முறை தட்டு உட்காராது. மறுபடி மாட்டும்போது காப்பர் கிரீஸை ஹப் லிப்பில் மட்டும் விரல் நுனியால் மெல்லியதாகப் பூசுங்கள். முகத்தில் வேண்டாம், மரையில் வேண்டாம்.

டிக்கியில் பழைய போல்ட் ஐந்தும், லாக் போல்ட்டின் சாவியும், சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். ஸ்டெப்னியை ஸ்பேசர் இல்லாமல், பழைய போல்ட்டால்தான் மாட்ட வேண்டும். நீளப் போல்ட்டைப் போட்டால் உள்ளே போய் முட்டும். ஆம்பூர் பக்கம் பஞ்சர் கடையில் வண்டியை விட்டால் பக்கத்திலேயே நின்று, "அண்ணே, கன் வேணாம். கையால மாட்டிடுங்க, கடைசி இறுக்கு நான் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். டார்க் போடும்போது டயர் லேசாகத் தரையைத் தொட்டிருக்க வேண்டும். 50, 90, பிறகு முழு எண் என்று மூன்று தவணை. அன்றைய ஓட்டம் முடிந்து, கார் ஆறி, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் ஒருமுறை, 100 கி.மீ. கழித்து மறுபடி ஒருமுறை. இரண்டாம் முறை போல்ட் அசையவே இல்லை என்றால் தட்டு உட்கார்ந்துவிட்டது. அப்போதும் கால் சுற்று போனால் வீலைக் கழற்றி, மேலே சொன்ன தாள் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.